மதுரையிலிருந்து ஒரு பகல் தூரம் – 7: அழகர்மலையில் மேலிருந்து கீழே

மே மாதம் பிறந்துவிட்டால் மதுரை வீடுகளில் கொடைக்கானல் பேச்சு எழாமல் இருக்காது. காலையில் போய் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. ஏறக்குறைய 120 கிலோமீட்டர். 2024 மே முதல் இ-பாஸும் எடுக்க வேண்டும். வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, ஏரிக்கரையில் வண்டி நிறுத்த இடம் தேடி முடிப்பதற்குள் பிள்ளைகள் வாந்தியெடுத்துச் சோர்ந்துபோகிறார்கள். கொடைக்கானலுக்கு இரண்டு மூன்று நாள் ஒதுக்க முடிந்தவர்கள் போகட்டும். கையில் இருப்பது ஒரே ஒரு பகல், கூடவே வயதான அம்மாவும் ஐந்து வயதுப் பிள்ளையும் என்றால், வடக்கே 21 கிலோமீட்டரில் இருக்கிற அழகர்கோவில்தான் என் சிபாரிசு. ஆனால் அங்கே போகிற வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் மலை, பிறகு கோயில்.

பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. ஒன்பதரை, பத்து மணிக்கு வந்து இறங்கி, கருப்பரைக் கும்பிட்டு, பெருமாளைச் சேவித்து, உச்சி வெயிலில் மலைக்கு ஏறுகிறார்கள். கோயில் பக்கம் செருப்பைக் கழற்றிய பிள்ளைகள் கல் சூட்டில் துள்ளுகின்றன. நூபுரகங்கையில் அந்நேரம் கூட்டம் நெரிகிறது. ஏறிய களைப்பில் யாருக்கும் மரத்தைப் பார்க்கத் தோன்றுவதில்லை. காலை ஆறரைக்கு அடிவாரத்தில் நின்றால் இத்தனை சிரமமும் இல்லை. “அடிவாரத்துச் சாமிய தாண்டியா மேல போறது?” என்று அப்பத்தா கேட்பார். பதினெட்டாம்படிக் கருப்பர் முன்னால் ஒரு சூடம் ஏற்றி, “இறங்கி வந்து பாக்குறோம்” என்று சொல்லிவிட்டு ஏறினால் அவருக்கும் மனக்குறை இருக்காது.

போகிற சாலையே பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியதுதான். தல்லாகுளம், புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன் திருப்பதி, கள்ளந்திரி, பொய்கைக்கரைப்பட்டி: சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்க வருவது இந்த வழியில்தான். நாம் எதிர்த்திசையில் போகிறோம், அவ்வளவே. சாலையின் இருபுறமும் பெரிதும் சிறிதுமாக மண்டபங்கள் வரும். ஆண்டில் சில நாள் மட்டும் உயிர்பெற்று, அழகரை இறக்கி உபசரித்து அனுப்பும் மண்டகப்படி மண்டபங்கள் அவை. எண்ணிக்கொண்டே வரச் சொல்லுங்கள். பிள்ளைகள் கைப்பேசியைக் கேட்க மாட்டார்கள்.

கள்ளந்திரியில் வண்டியைக் கொஞ்சம் ஓரம் கட்டுங்கள். அங்கே சாலையைக் கடந்து போவது பெரியாறு கால்வாய். மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் கேரளத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பினார்கள். பென்னிகுக் தலைமையில் அந்த அணை முடிந்தது 1895இல். அந்தத் தண்ணீர் வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, கால்வாயாக இவ்வளவு தூரம் வருகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம் என்பது இந்தப் பக்கத்து விவசாயிகளின் வாயில் தினமும் புழங்கும் பேச்சு. கோடையில் கால்வாய் பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும். காய்ந்து கிடந்தாலும் காட்டுங்கள். எங்கோ பெய்த மழையை மனிதர்கள் எவ்வளவு பாடுபட்டு இங்கே கொண்டுவந்தார்கள் என்று சொல்லிவிட்டு மலைக்குக் கூட்டிப்போனால், மேலே தானாக ஊறி வருகிற தண்ணீரின் அருமை அவர்களுக்குப் புரியும்.

அடிவாரத்திலிருந்து மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. பழமுதிர்சோலை மூன்று கிலோமீட்டர் அளவில் வந்துவிடும். அதையும் தாண்டி, மேலே ராக்காயி அம்மன் கோயில். அங்கேதான் நூபுரகங்கை. சிலம்பாறு என்றும் பெயர். உலகளந்த பெருமாள் தூக்கிய திருவடியைப் பிரமன் கழுவ, காற்சிலம்பில் பட்டுத் தெறித்த நீர் இது என்பது புராணம். அழகரின் திருமஞ்சனத்துக்கு இந்தத் தண்ணீர்தான். சித்திரையில் அவர் மதுரைக்கு வந்து தல்லாகுளத்தில் தங்கும்போதும் இங்கிருந்து தீர்த்தம் கொண்டுபோகிறார்கள். வேறு நீர் பட்டால் திருமேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை.

புராணத்தைச் சொன்ன கையோடு காட்டையும் காட்ட வேண்டும். அழகர்மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் உடைந்து சிதறிய துண்டுகளில் ஒன்று. மேற்கே சிறுமலை, வடக்கே நத்தம் பக்கத்துக் குன்றுகள் எல்லாம் அதே வகை. கோடையில் பாதி மரங்கள் இலையை உதிர்த்து நிற்கும். வெறும் காடாகத் தெரிகிறதே என்று நினைக்க வேண்டாம். அந்தச் சருகுதான் ஐப்பசி, கார்த்திகை மழையை வழிந்தோட விடாமல் பிடித்துவைக்கிறது. வேர் போன வழியிலும் பாறை வெடிப்பிலும் இறங்கிய மழைநீர் மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்து, ஒரு பாறையிடுக்கில் வெளியே வருகிறது. சித்திரை வெயிலில் நம் தலையில் விழுவது போன ஆண்டின் மழை. பிள்ளை ஒருத்தி குளிரில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் நிலத்தடி நீர் என்று படித்தது உடம்பில் பட்டு மனதில் நின்றுவிடும்.

இங்கே ஒரு வேண்டுகோள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய்ப் பொட்டலம் எதையும் மேலே கொண்டுபோகாதீர்கள். துண்டும் மாற்றுத் துணியும் போதும். இந்த நீர் கீழே இறங்கிப் போகிறது. அதைக் குடிக்க காட்டு மாடும் வரும், தேவாங்கும் வரும். நாம் விட்டுவருகிற நுரையைக் குடிக்க வேண்டிய பாவத்தை அவை செய்யவில்லை.

குரங்குகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். “கையில இருக்கிறத உள்ள வைங்கம்மா, புடுங்கிரும்” என்று கடைக்காரம்மாக்கள் சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று வண்டிச் சன்னலைத் திறந்து பிஸ்கட் போடுவது அன்பு ஆகாது. போடுகிற ஒவ்வொரு துண்டும் குரங்கைச் சாலைக்கு இழுக்கிறது. மரத்தில் அத்திப்பழம் தேடித் தின்ன வேண்டிய குட்டி டயருக்கு அடியில் போகிறது. மலைப்பாதையில் அப்படிக் கிடந்ததைப் பார்த்த பிறகு, இதில் எனக்குச் சமாதானம் கிடையாது.

நனைந்த தலையோடு பழமுதிர்சோலைக்கு இறங்கினால் எட்டரை மணி ஆகியிருக்கும். ஆறுபடை வீடுகளில் ஒன்று என்றாலும் சிறிய கோயில். அந்த அளவே அதற்கு அழகு. சுட்ட பழமா, சுடாத பழமா என்று ஔவையைச் சிறுவன் முருகன் மடக்கிய கதைக்கு ஊரில் காட்டுகிற நாவல் மரம் இங்கே நிற்கிறது. கதையைத் தாத்தாவோ ஆச்சியோ சொல்லட்டும். மணலில் விழுந்த பழத்தை ஊதுகிற இடத்தில் பிள்ளைகள் சிரிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லியை இங்கே பிரிக்க வேண்டாம், குரங்குகள் விடாது. அடிவாரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பத்து மணிக்குள் கீழே வந்துவிட்டால் பெருமாள் கோயிலுக்கு இரண்டு மணி நேரம் முழுசாகக் கிடைக்கும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதை மனதில் வையுங்கள். பழைய கோட்டைச் சுவர்கள் இரண்டு சுற்றாகக் கோயிலை வளைத்து நிற்கின்றன. வெளியே, முற்றுப்பெறாமல் நின்றுபோன ராயகோபுரத்தின் கல்வேலைப்பாட்டைத் தடவிப் பார்க்கலாம். உள்ளே கருவறைக்கு மேலே இருக்கும் விமானம் வட்ட வடிவம். சதுர விமானங்களையே பார்த்துப் பழகிய பிள்ளைகளிடம் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பன்னிரு ஆழ்வார்களில் ஆறு பேர் இந்தத் திருமாலிருஞ்சோலையைப் பாடியிருக்கிறார்கள். ஆண்டாள் இந்தப் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதையும், பின்னாளில் ராமானுஜர் வந்து அந்த நேர்த்திக்கடனைத் தீர்த்ததாக வழங்கும் கதையையும் பெண்பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்பார்கள். அண்ணன் முறையில் கடன் தீர்த்தவர் அல்லவா.

ராஜகோபுர வாசல் அடைத்தே கிடக்கும். அந்தக் கதவுதான் பதினெட்டாம்படிக் கருப்பர். சிலை கிடையாது. சந்தனம் அப்பிய பெரிய கதவுக்குத்தான் மாலை, சூடம், வேண்டுதல் எல்லாம். அழகரின் சக்தியைக் கவர மலையாள தேசத்திலிருந்து வந்த பதினெட்டு மந்திரவாதிகளை இங்கே படிகளுக்குக் கீழே புதைத்தார்கள் என்றும், அவர்களோடு வந்த தெய்வம் அழகரின் அழகில் மயங்கிக் காவலாகத் தங்கிவிட்டது என்றும் கதை. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் தீராத வழக்கு ஏதாவது இருந்தால் இந்தக் கதவு முன்னால் வந்து சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிவு வராது. இந்தக் கோயிலுக்கும் சுற்றியுள்ள ஊர்களின் உழவர், கள்ளர், இடையர், வலையர் ஆகியோருக்கும் இருக்கும் உறவைத் தொ. பரமசிவன் ‘அழகர் கோயில்’ என்ற ஆய்வில் விரிவாக எழுதினார். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதை 1989இல் நூலாக வெளியிட்டது. வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பயணத்துக்கு முன் அதில் சில பக்கங்களாவது படிக்கக் கொடுங்கள்.

வெளியே வரும்போது பிரசாதத் தோசையை விட்டுவிடாதீர்கள். அரிசி, தோலுளுந்து, மிளகு, சுக்கு, நெய் சேர்த்து மொத்தமாகச் சுட்டது. ஓட்டல் தோசையை நினைத்துக்கொண்டு கடித்தால் பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள். இரண்டாம் வாயில் ருசி பிடிபட்டுவிடும். விளைச்சலில் ஒரு பங்கை அழகருக்குக் கொண்டுவந்து கொட்டுகிற உழவர்களின் கோயில் இது. அதற்குப் பொருத்தமான பிரசாதமும் இதுதான்.

பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை எங்கும் போக வேண்டாம். அடிவாரத்து மரநிழலில் பாயை விரியுங்கள். முடியிறக்கிக் காதுகுத்த வந்த குடும்பங்கள் பக்கத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார்கள். கட்டுச்சாத வண்டியில் வந்து நாள் முழுக்கத் தங்கிப் போவது மதுரைக்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையான பழக்கம். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனால் போதும். நுங்கும் வெள்ளரியும் அங்கேயே கிடைக்கும். சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில் சொல்ல என்னிடம் ஒரு கதை இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரைக்கு வரும் வழியில், மாங்காட்டு மறையவர் ஒருவர் இந்த மலையின் பிலத்தையும் அதிலுள்ள மூன்று பொய்கைகளையும் பற்றிச் சொல்கிறார். ஒன்றில் குளித்தால் ஐந்திர இலக்கணம் தெரியும், இன்னொன்றில் குளித்தால் முற்பிறப்பு தெரியும், மூன்றாவதில் குளித்தால் நினைத்ததெல்லாம் கிடைக்கும். சமணத் துறவியான கவுந்தி, அவை எதுவும் எங்களுக்குத் தேவையில்லை என்று மறுத்துவிடுகிறார். நீ எந்தக் குளத்தில் குளிப்பாய் என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேளுங்கள். வரும் பதில்களில் உங்கள் பிள்ளையைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கும்.

கவுந்தி வேண்டாமென்ற இதே மலையில்தான் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளும் இருக்கின்றன. அழகர்கோவிலிலிருந்து மேலூர் போகும் சாலையில் கிடாரிப்பட்டிப் பக்கம் மலைச்சரிவில் அந்தக் குகைத்தளம். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழிக் கல்வெட்டுகளில், துறவிகளுக்கு உதவியவர்களின் பெயரும் தொழிலும் இருக்கின்றன. மதுரைப் பொற்கொல்லர், உப்பு வணிகர், கருப்பஞ்சாற்றுப் பாகு விற்ற பாணித வணிகர், கொழு வணிகர், துணி விற்ற அறுவை வணிகர். அரசன் பெயரைத் தேடிப் போகிறவருக்கு அங்கே கடைவீதி கிடைக்கிறது. இன்றைக்கும் மதுரைக்காரர் ஒருவர் பாத்திரம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தன் பெயரையும் கடைப் பெயரையும் பொறிக்கச் சொல்வாரே, அதே மனசு. ஆனால் கோடையில் பாறை மாலை நான்கரைக்கும் சூடு தணியாது. சின்னப் பிள்ளைகளோடும் முழங்கால் வலிக்காரர்களோடும் ஏற வேண்டாம். அவர்களை நிழலில் விட்டுவிட்டு, பத்து வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் கூட்டிப்போய், வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். கல்லில் பெயர் கிறுக்குகிறவர்களைப் பார்த்தால் தடுத்துக் கேளுங்கள்.

இதே பக்கத்தில்தான் அரிட்டாபட்டியும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட 193 ஹெக்டேர் நிலம். இரண்டே ஆண்டில் அதை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. மேலூர்ப் பக்கத்து ஊர்கள் ஒன்றாக எழுந்து நின்று போராடி, 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். காலையில் நூபுரகங்கையில் தலை நனைத்த குடும்பத்துக்கு அந்த மக்கள் எதற்காகத் தெருவில் உட்கார்ந்தார்கள் என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது. அரிட்டாபட்டியை ஒரே நாளில் இதோடு சேர்த்துப் பார்க்க முயல வேண்டாம். அதன் குடைவரைக்கும் கழுகுகளுக்கும் கண்மாய்களுக்கும் தனியாக ஒரு விடிகாலை தேவை. அடுத்த வாரம் அங்கே போவோம்.

திரும்பும்போது சாலையோர மாம்பழக் குவியல்களில் வண்டியை நிறுத்துங்கள். நத்தம், அழகர்கோவில் தோப்புகளில் விளைந்த கல்லாமையும் காசாவும் மே மாதத்தில் நன்றாகக் கிடைக்கும். விலை பேசுவதற்கு முன் ஒன்றை அறுத்துத் தரச் சொல்லி ருசி பாருங்கள், தோட்டக்காரர்கள் முகம் கோணாமல் தருவார்கள். துணிப்பை எடுத்துப் போயிருந்தால் நல்லது.

(பயணம் தொடரும்)