உகாண்டா ரயில், கென்யா நாடு

கென்யா என்ற நாட்டை உருவாக்கியது ஒரு ரயில் பாதை என்றால் மிகையில்லை. 1896-இல் மொம்பாசா துறைமுகத்தில் தொடங்கி, 1901-இல் விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள கிசுமுவை எட்டியது. பெயர் உகாண்டா ரயில்வே. ஆனால் 1902-இல் எல்லை மாறியதால், பாதை முழுவதும் கென்யா மண்ணாகிவிட்டது!

நமக்குப் பழக்கமான மீட்டர் கேஜ்தான். போட்டவர்களும் நம்மவர்களே, ஏறத்தாழ 32,000 பேர், பெரும்பாலும் கராச்சியில் கப்பலேறிய பஞ்சாபிகள். மலையேறுமுன் சாமான்களை இறக்க 1899-இல் போட்ட முகாம்தான் தலைநகர் நைரோபி. மாசாய் மொழியில் 'குளிர்ந்த நீர்' என்று பொருள். அதைத் தாண்டினால் மாபெரும் பிளவுப் பள்ளத்தாக்கு. கர்ஜத்தில் நம் ரயிலைத் தள்ளப் பின்னால் எஞ்சின் சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நிரந்தரப் பாதை முடியும்வரை வேகன்களை வடத்தில் கட்டியே சரிவில் இறக்கினார்கள்.

சாவோ பாலத்தருகே 1898-இல் ஆட்களைத் தின்ற இரு சிங்கங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அவற்றுக்கு இரையான இந்தியர் 28 பேர் என எழுதினார், சுட்டுக்கொன்ற பேட்டர்சன். அந்தப் பாதையில் மாண்ட இந்தியரோ சுமார் 2,500; மைலுக்கு நால்வர். பெரும்பாலோரைக் கொண்டுபோனது நோய். சிங்கத்துக்கு ஹாலிவுட் படம் உண்டு, மலேரியாவுக்கு ஏது?

சுமார் 6,700 பேர் ஊர் திரும்பவில்லை, அங்கேயே தங்கினார்கள். இன்று கென்யர் வீட்டு விசேஷங்களில் சப்பாத்தி உண்டு. சுவாஹிலியிலும் அதன் பெயர் சப்பாத்திதான்.