யானையைத் திருப்பி அனுப்பும் ரீங்காரம்

சோலார் வேலியைத் தாண்ட யானைக்குக் கருவி எதுவும் தேவையில்லை, தந்தமே போதும். தந்தத்தில் மின்சாரம் எளிதில் பாயாது. இதைக் கண்டுகொண்ட கொம்பன், கம்பியைத் தந்தத்தால் இழுத்து அறுத்துவிட்டு உள்ளே நுழைந்துவிடும். தந்தம் இல்லாத யானை பக்கத்து மரத்தைக் கம்பிமேல் சாய்த்துவிட்டுப் போகும். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் காட்டோர விவசாயிகள் பார்த்துச் சலித்த காட்சி இது. பலத்துக்கு எதிரே பலத்தை நிறுத்தினால் செலவுதான் ஏறும். யானையின் அச்சத்தையே வேலியாக்க முடியும் என்று காட்டியது கென்யா.

தேன்கூடு இருக்கும் மரத்தை யானை அவ்வளவாக ஒடிப்பதில்லை என்பது அங்குள்ள மக்களுக்குத் தெரிந்த சங்கதி. பிரிட்ஸ் வோல்ராத், இயன் டக்ளஸ்-ஹாமில்டன் என்ற இரு ஆய்வாளர்கள் மரங்களில் தேனீப் பெட்டிகளைத் தொங்கவிட்டு இதைச் சோதித்து, 2002-இல் எழுதினார்கள். பின்னர் லூசி கிங் என்ற ஆய்வாளர், கென்யாவின் சம்புரு பகுதியில் மரநிழலில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த 17 யானைக் குடும்பங்களுக்கு, கலைக்கப்பட்ட தேனீக்களின் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டார். 80 வினாடிக்குள் 16 குடும்பங்கள் இடத்தைக் காலி செய்துவிட்டன. கிட்டத்தட்டப் பாதிக் குடும்பங்கள் 10 வினாடிகூடத் தாமதிக்கவில்லை. வேறு இரைச்சலைப் போட்டபோது பெரும்பாலானவை இருந்த இடத்திலேயே நின்றன.

இத்தனை தடித்த தோலுக்குத் தேனீ எம்மாத்திரம் என்று தோன்றும். தேனீ தோலில் மட்டும் கொட்டுவதில்லை. கண்ணைச் சுற்றி, காதுக்குப் பின்னால், தும்பிக்கைத் துளைக்குள் என்று மென்மையான இடமாகப் பார்த்துக் கொட்டும். அதனால்தான் ரீங்காரம் கேட்டதுமே யானை தலையை உதறுகிறது, மண்ணை வாரி மேலே போட்டுக்கொள்கிறது. ஓடும்போது தாழ்ந்த உறுமல் ஒன்றையும் எழுப்புகிறது. நம் காதில் விழும் பிளிறல் வேறு, இது வேறு. அந்த உறுமலைப் பதிவுசெய்து, தேனீச் சத்தமே இல்லாமல் மற்ற யானைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவையும் தலையை உதறி விலகின. 2010-இல் வெளியான இந்த ஆய்வுதான் எனக்கு எல்லாவற்றிலும் வியப்பானது. ஒரு யானை கண்ட ஆபத்து, காணாத யானைக்கும் போய்ச் சேர்கிறது.

இந்த அச்சத்தை வைத்துத் தேனீ வேலி கட்டுவது எளிது. வயலைச் சுற்றிக் கம்பங்கள் நட்டு, 10 மீட்டருக்கு ஒன்றாகப் பெட்டிகளைத் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கம்பியால் இணைக்கிறார்கள். இருட்டில் வரும் யானை கம்பியை நெஞ்சால் தள்ளினால் இருபுறமும் பெட்டிகள் ஆடும். உள்ளிருப்பவை கோபத்தோடு வெளியே வரும். ஏக்கருக்கு 24 பெட்டி என்றால் அதில் 12 வெறும் பலகை! நிஜப் பெட்டிகள் சம்பாதித்த பெயரில் பொய்ப் பெட்டிகள் பிழைக்கின்றன.

கென்யாவின் சாவோ கிழக்கு தேசியப் பூங்காவை ஒட்டிய பண்ணைகளில் 9 ஆண்டுகள் திரட்டிய தரவுகள் 2024-இல் வெளியாயின. மக்காச்சோளம் விளையும் பருவங்களில் வேலியை நெருங்கிய சுமார் 4,000 யானைகளில் ஏறக்குறைய முக்கால்வாசி திரும்பிப் போயின. மிச்சம் கால்வாசி உள்ளே வந்தன என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே இரவில் ஒரு பருவத்து உழைப்பு போய்விடக்கூடிய இடம் அது. தேன் விற்ற காசு சிறு ஆறுதல். ஒரு டன் தேனுக்குக் கிடைத்தது 2,250 டாலர். பல பண்ணைகளுக்குப் பிரித்தால் அதை நஷ்டஈடு என்று சொல்ல முடியாது, கைச்செலவுக்கு ஆகும்.

பெரிய சிக்கல் வறட்சி. 2017 வறட்சியில் பூக்கள் காய்ந்தன, பெரும்பாலான பெட்டிகள் காலியாயின. தேன் வரத்து பழைய நிலைக்கு வர ஆண்டுகள் பிடித்தன. பசித்த யானை வயலைத் தேடி வரும் காலமும் அதுதான். தேனீயை நம்பிய விவசாயி பூச்செடிகளுக்கும் தண்ணீருக்கும் சேர்த்தே திட்டமிட வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்து யானைக்கும் இது செல்லுமா? இலங்கையின் உடவளவையில் நாட்டுத் தேனீயின் சத்தத்தைப் போட்டபோது ஆசிய யானைகளும் பின்வாங்கின. ஒன்றின் வாயில் ஒன்று தும்பிக்கையை வைத்துத் தைரியம் சொல்லிக்கொண்டன. ஆனால் ஆப்பிரிக்கத் தேனீயின் மூர்க்கம் நம் நாட்டுத் தேனீக்குக் கிடையாது. கூட்டமும் சிறியது, தொந்தரவு கூடினால் பெட்டியை விட்டே பறந்துவிடும். மூர்க்கத்துக்கு மலைத்தேனீ இருக்கிறது. அது பாறையிலும் உயர்ந்த கிளையிலும் திறந்த வெளியில்தான் கூடு கட்டும், பெட்டிக்குள் குடிவராது.