ஆடக் கிடைக்காத ஆண்டுகளுக்குச் சராசரி இல்லை

மார்ச் மாதம் வந்தால் யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் கணக்குகள் சூடுபிடிக்கும். யாழ். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ அந்த மாதத்தில்தான். ‘எங்கட காலத்து ஆட்டக்காரருக்கு இவங்கள் கிட்ட வருவாங்களோ?’ என்ற வாதத்தை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். வாதத்துக்கு முன்னர், இலக்கங்களை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம்.

பெற்ற ஓட்டங்களை, ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்து வருவதே துடுப்பாட்டச் சராசரி. டொன் பிரட்மன் டெஸ்ட் போட்டிகளில் 80 இனிங்ஸ்களில் 6,996 ஓட்டங்கள் பெற்றார். அவற்றில் 10 தடவை ஆட்டமிழக்கவில்லை. ஆகவே 70ஆல் வகுக்க, 99.94 வருகிறது. சச்சின் டெண்டுல்கர் 15,921 ஓட்டங்கள், சராசரி 53.78. குமார் சங்கக்கார 12,400 ஓட்டங்கள், சராசரி 57.40. மொத்த ஓட்டங்களில் சச்சின் முன்னால் நிற்கிறார். சராசரியில் பிரட்மனை நெருங்க ஆளில்லை. மொத்த ஓட்டங்களில் திறமையோடு ஆடிய காலமும் சேர்ந்திருக்கிறது. சராசரி, ஒருவரின் விக்கெட்டுக்கு என்ன விலை என்பதைச் சொல்கிறது.

இரண்டுமே சொல்லாத ஒன்று உண்டு. அது ஆடக் கிடைக்காத காலம்.

1915இல் பிறந்த தமிழரான மகாதேவன் சதாசிவம் 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் இலங்கை அணிக்காக 215 ஓட்டங்கள் குவித்தார். 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது இலங்கையின் தலைவர் அவர்தான். ஆனால் இலங்கை தனது முதல் டெஸ்டை ஆடியது 1982இல். அதனால் டெஸ்ட் பட்டியலில் சதாசிவத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

போரும் இப்படித்தான் பட்டியலில் இடைவெளி விடுகிறது. 1938க்கும் 1946க்கும் இடையில், தனது முப்பதுகளில், பிரட்மன் ஒரு டெஸ்டும் ஆடவில்லை. அமெரிக்க பேஸ்போல் வீரர் டெட் வில்லியம்ஸ் இரண்டாம் உலகப் போரில் மூன்று பருவங்களை முழுதாகவும், கொரியப் போரில் இரண்டு பருவங்களின் பெரும்பகுதியையும் இழந்தார். அவருடைய சராசரி 0.344; பேப் ரூத்தின் 0.342ஐவிடச் சற்று அதிகம். ஆனால் ‘ஹோம் ரன்’ கணக்கில் ரூத்துக்கு 714, வில்லியம்ஸுக்கு 521. சராசரி தப்பிவிட்டது, மொத்தத்தில்தான் அடி விழுந்தது.

அவர்கள் திரும்பி வந்து ஆடினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது வாய்க்கவில்லை. பாடசாலை கிரிக்கெட்டில் ஒரு மாணவனுக்குக் கிடைப்பதே சில பருவங்கள்தான். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமமே வெறிச்சோடியபோது, பதினேழு வயதுப் பையனுக்குப் போன பருவம் போனதுதான். அடுத்த ஆண்டு பெருஞ்சமர் நடந்தாலென்ன, அவனுக்கு வயது கடந்துவிடும்.

ஆகவே, அந்தக் காலத்துப் பிள்ளையை இன்றைய பிள்ளையோடு மொத்த ஓட்டங்களை வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை. ஓட்டங்களுக்குப் பக்கத்தில் இனிங்ஸ் எண்ணிக்கையையும் எழுத வேண்டும். ஆட்டம் நடக்காத ஆண்டை வெற்றிடமாக விடாமல், ‘போரினால் நடக்கவில்லை’ என்று எழுத வேண்டும். பழைய ஓட்டப் பதிவுப் புத்தகமோ பத்திரிகைத் துண்டோ உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், ஒரு பிரதியைப் பாடசாலைக்குக் கொடுங்கள். புலம்பெயர்ந்த உறவுகளிடமும் கேளுங்கள். ஆடிய ஓட்டங்களாவது தொலையாமல் இருக்கட்டும்.