லொறியின் தாகம்

மலையேறும் லொறியொன்று வழியில் நின்றுவிட, அதன் முகப்பிலிருந்து ஆவி பறக்க, சாரதி வாளியுடன் பீலித் தண்ணீரைத் தேடி ஓடும் காட்சியை மலைநாட்டில் காணாதவர் இரார். பஸ்ஸிலிருந்து பார்க்கும் நாம், "பாவம், பழைய வண்டி" என்று கூறிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தச் சாரதிக்கோ, அது ஒரு குடும்பத்தின் அடுத்த மாதச் சோற்றுக் கணக்கு.

அத்தகைய லொறி ஒன்றை அண்மையில் பல்லேகலயில், கண்டி - மஹியங்கனை வீதியோரத்துக் கராஜ் ஒன்றில் கண்டேன். சமவெளியில் நெல்லை ஏற்றிக்கொண்டு, ஹசலகவிலிருந்து பேர்பெற்ற 18 வளைவுகளின் வழியே மேலேறி, உடுதும்பர, தெல்தெனிய கடந்து கண்டிக்கு வருவது அதன் தொழில். உடைமையாளரே சாரதி. ரேடியேட்டர் ஒழுகியது. முன்னரே இருமுறை ஈயப்பற்று வைத்து அடைத்தாயிற்று. மூன்றாம் முறையும் அடைத்துத் தரும்படி கேட்டு வந்திருந்தார்.

"ஐயா, இந்தப் போகம் முடியும்வரை ஓடினால் போதும்" என்றார் அவர்.

"தம்பி, ரேடியேட்டரின் செலவை மிச்சம்பிடிக்கப் பார்த்து இயந்திரத்தையே பறிகொடுக்கப் போகிறீர்" என்றார் முதிய மெக்கானிக்.

தண்ணீர் செய்யும் வேலை

இயந்திரத்தில் எரியும் எரிபொருளின் உஷ்ணம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. ஏறத்தாழ அவ்வளவே உஷ்ணத்தைத் தண்ணீர் ஏற்றுக்கொண்டு ரேடியேட்டருக்குக் கொண்டு செல்கிறது. அங்கே மெல்லிய பித்தளைக் குழாய்கள் வழியே அது இறங்குகையில், அவற்றைச் சூழ்ந்த செப்புத் தகடுகளினூடாக வீசும் காற்று உஷ்ணத்தை வாங்கிக்கொள்கிறது.

மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் இந்த வசதி இல்லை. 1888இல் பெர்த்தா பென்ஸ் அம்மையார் தம் இரு புதல்வருடன் மன்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைம் வரை பிரயாணம் செய்தபோது, தண்ணீர் ஆவியாகிக்கொண்டேயிருந்ததால் வழிநெடுக நிறுத்தி நிரப்ப நேர்ந்தது. 1900இல் வில்ஹெல்ம் மேபாக் என்னும் ஜெர்மானிய நிபுணர், 8,070 சிறு குழாய்களை அடுக்கித் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். ஒன்பது லீட்டர் நீரே அதற்குப் போதுமானதாயிற்று.

மலைநாட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. உயரம் கூடக்கூட நீர் குறைந்த உஷ்ணத்திலேயே கொதிக்கும். கண்டியில் சுமார் 98 பாகை செல்சியஸிலும், நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலும் கொதித்துவிடும். இதைத் தடுப்பதற்கே ரேடியேட்டரின் மூடி அமுக்கத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கம் தாங்கும் மூடி, கடல் மட்டத்தில் கொதிநிலையைச் சுமார் 111 பாகைக்கு உயர்த்தும். ஒழுக்கு ஏற்பட்டாலோ நீரும் குறைகிறது, அமுக்கமும் நிற்பதில்லை.

கேத்திலில் கண்ட உண்மை

மெக்கானிக் ரேடியேட்டரின் மேல் தொட்டியைப் பிரித்துக் காட்டினார். குழாய்களின் வாயெல்லாம் வெண்ணிறக் கட்டி படிந்திருந்தது.

"தண்ணீர் எங்கே நிரப்புகிறீர், தம்பி?"

"கீழே கிணற்றில்தான், ஐயா."

வறண்ட வலயத்துக் கிணற்று நீரில் உப்புகள் மிகுதி. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்திலும் இதே கதைதான். அத்தகைய நீரைக் கொதிக்க வைக்கும் கேத்திலின் அடியை நம் வீட்டு மாணவர்கள் சுரண்டிப் பார்க்கட்டும். அதே வெண்படிவு அங்கும் இருக்கும். அது உஷ்ணத்தை எளிதில் கடத்தாது. குழாய்கள் அடைபடும், இயந்திரம் சூடேறும், வீதியின் குலுக்கலும் சேர்ந்து, பற்றுவைத்த மூட்டுகள் விட்டுப்போகும். அரித்து மெலிந்துபோன குழாயில் ஓரிடத்தை அடைத்தால் பக்கத்தில் ஒழுகும். முட்டை வெள்ளைக்கருவும் மஞ்சள் தூளும் இட்டு அடைப்போர், நல்ல குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிடுகின்றனர். முடிவில் சிலிண்டரின் மேற்பாகம் வளைந்துவிடும். அல்லது பிஸ்டன் இறுகிவிடும். அந்தச் செலவு ரேடியேட்டரின் விலையைப்போல் பல மடங்கு.

மாற்றும் முறை

சாரதி நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். மறுநாள் மனைவியின் வளையல் அடகுக்குப் போயிற்று. மீதிப் பணத்தை அறுவடைக்குப் பின் தரலாம் என்றார் மெக்கானிக்.

முதலாவதாக, இயந்திரம் நன்கு ஆறும்வரை காத்திருந்தார்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால், அமுக்கம் விடுபட்டவுடன் நீர் ஆவியாய்ச் சீறி முகத்தைப் பொசுக்கிவிடும். கொதிக்கும் இயந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கவும் கூடும்.

அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை ஒரு பாத்திரத்தில் பிடித்தார்கள். கூலன்ட் கலந்த நீர் இனிப்பானது, ஆனால் நஞ்சு. குழந்தைகளும் நாய்களும் அணுகாதபடி அதை வைக்க வேண்டும். பிறகு ஹோஸ் குழாய்களைக் கழற்றி, விசிறி உரசாமல் இடையே ஓர் அட்டையைச் செருகி, இருவராகத் தூக்கி ரேடியேட்டரை வெளியே எடுத்தார்கள். புதியதைப் பழையதன் அருகில் வைத்து, உயரம், அகலம், குழாய் வாய்கள் யாவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தார்கள். இயந்திரத்தின் உட்புறத்தைத் தெளிந்த நீர் வரும்வரை கழுவினார்கள். தெர்மோஸ்டாட்டைச் சுடுநீரில் இட்டு, அது திறப்பதைக் கண்டறிந்தார்கள். ஹோஸ்களும் மூடியும் புதியனவாக மாற்றப்பட்டன.

கடைசியாக, மூடியைத் திறந்துவைத்து, கூலன்ட் கலந்த நல்ல நீரை மெதுவாக ஊற்றி, இயந்திரத்தை ஓடவிட்டார்கள். உள்ளே சிக்கிய காற்று குமிழியிட்டு வெளியேற, நீர்மட்டம் இறங்கியது. மீண்டும் நிரப்பி மூடினார்கள்.

சாரதி லொறியின் கீழே படுத்து, ஒவ்வொரு மூட்டாகக் கையால் தடவிப் பார்த்தார். கை ஈரமாகவில்லை.

"இனிக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், தம்பி. மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலையில், வண்டியைக் கிளப்புமுன் ஒருமுறை மூடியைத் திறந்து பாரும்" என்றார் பெரியவர்.

உதவிக்கு வந்த பையன் கராஜின் பீலியடியில் இரண்டு கலன்களை வைத்தான். மாலை மழை அப்போதுதான் தொடங்கியிருந்தது.