நீச்சல் குளத்திற்கு யார் பணம் கட்டுகிறார்?

மாணவர்களே, ரெம்பியா போன்ற சிற்றூரில் வளரும் நமக்கு, அடுக்குமாடியில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போனால் கண்ணில் முதலில் படுவது நீச்சல் குளம்தான். நுழைவுச் சீட்டு இல்லை. ஆகவே இலவசம் என்று நினைக்கிறோம். உண்மையில் குளத்தில் கால் நனைக்காத பாட்டியின் வீடும் அதற்குப் பணம் கட்டுகிறது. மலேசியாவின் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, வீட்டின் பங்கு அலகுக்கு ஏற்பப் பராமரிப்புக் கட்டணம் கணக்கிடப்படுகிறது. பெரிய பழுதுகளுக்கான சேம நிதியாக அதில் பொதுவாக 10 விழுக்காடு கூடுதலாக வசூலிக்கப்படும்.

அந்தப் பணம் எங்கே போகிறது? ஒரு கணக்குப் போடுவோம். குளத்தின் நீளம் 20 மீட்டர், அகலம் 8 மீட்டர், சராசரி ஆழம் 1.25 மீட்டர் என்று கொள்வோம். கொள்ளளவு 200 கன மீட்டர், அதாவது 200,000 லிட்டர்.

முதலாவது, நீர். மழையில்லாத ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் நீர் ஆவியானால், 800 லிட்டர் குறைந்துவிடும். அதைக் குழாய் நீரால் ஈடுகட்ட வேண்டும்.

இரண்டாவது, குளோரின். லிட்டருக்கு 1 மில்லிகிராம் சேர்க்க 200 கிராம் குளோரின் தேவை. வெயிலின் புற ஊதாக் கதிர் குளோரினைச் சிதைக்கும். நாளுக்கு 2 மில்லிகிராம் இழந்தால், 65 விழுக்காடு வலிமையுள்ள குளோரின் தூள் மாதத்திற்கு ஏறக்குறைய 18 கிலோ வேண்டும். பிஎச் மதிப்பும் முக்கியம். கிருமியை விரைவாகக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். பிஎச் 7.5 ஆக இருக்கும்போது குளோரினில் ஏறக்குறைய பாதி இந்த வடிவில் இருக்கும். 8 ஆனால் கால் பங்குதான். பிஎச்சைக் கவனிக்காவிட்டால் வாங்கிய தூள் வீண்.

மூன்றாவது, மின்சாரம். 1.5 கிலோவாட் பம்பு 8 மணி நேரம் ஓடினால் 12 யூனிட். பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் நீரோட்டமும் பாதியாகும். ஆனால் தேவைப்படும் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். எனவே 16 மணி நேரம் ஓட்டி, அதே அளவு நீரை ஏறக்குறைய 3 யூனிட்டில் வடிகட்டலாம். நடைமுறையில் சற்றுக் கூடும். ஆனாலும் சேமிப்பு பெரிது.

சில வீடுகள் கட்டணம் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? நிர்வாகக் குழு பம்பை நிறுத்திச் செலவைக் குறைக்கப் பார்க்கும். வெப்பமான நம் நாட்டில் சில நாள்களிலேயே பாசி படர்ந்து நீர் பச்சையாகும். தேங்கிய நீரில் கொசு பெருகலாம். ஏடிஸ் கொசுவுக்கு இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி குற்றம். கடைசியில் 200 டன் நீரையும் வெளியேற்றிக் குளத்தைத் தேய்த்துக் கழுவ நேர்ந்தால், மிச்சப்படுத்தியதைவிடச் செலவு கூடிவிடும். கட்டணத்தை ஒழுங்காகக் கட்டிய வீடுகளும் அந்தச் சுமையில் பங்கேற்க வேண்டியிருக்கும்.

நீரை வீணாக்குவது மலாக்காவில் சின்ன விஷயமன்று. நமது அலோர் காஜா மாவட்டத்திலுள்ள டுரியான் துங்கால் அணை 1991இல் வறண்டு, மாநிலம் முழுவதும் நீர்ப் பங்கீடு நடந்ததை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

நீங்களும் செலவைக் குறைக்கலாம். குளத்தில் இறங்கும் முன் நன்றாகக் குளியுங்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்தால் குளோரமின் உருவாகும். கண் எரிவதற்கும் "குளோரின் வாடை" என்று நாம் சொல்வதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். வாடை கூடினால், குளத்தில் அழுக்கு கூடியிருக்கிறது என்று பொருள்.

இன்று வீட்டு நீர்க் கட்டண ரசீதை எடுங்கள். அதில் மாதப் பயன்பாடு கன மீட்டரில் இருக்கும். 200 கன மீட்டர் உங்கள் குடும்பத்திற்கு எத்தனை மாதம் வரும் என்று கணக்கிடுங்கள்.