இரண்டு இறந்தகாலங்கள் – 9: கற்சிலைமடுக் கல்லும் பூட்டிக் கிடந்த பாதையும்

ஓர் இறந்தகால நிகழ்வுக்கும் முற்பட்ட இன்னோர் இறந்தகாலத்தைக் காட்டுவதே ஆங்கிலத்தின் பாஸ்ட் பேர்ஃபெக்ட் என்பதும், 'ஹாட்' என்னும் துணைவினையோடு வினையின் மூன்றாம் வடிவம் சேர அது அமையும் என்பதும் முன்னைய இதழ்களில் சொல்லி முடிக்கப்பட்டவை. அவ்வடிவம் பெயரடையோடு சேருமிடமும், பிறர் கூற்றை எடுத்துரைக்கும்போது வருமிடமும் இவ்விதழில் ஆராயப்படும் என அறிவிக்கப்பட்டிருந்தது. முதலாவதற்கே இவ்விதழின் பக்கங்கள் போதாதெனத் தோன்றுகிறது.

பெயரடை என்பது பெயர் குறிக்கும் பொருளின் பண்பையோ நிலையையோ கூறும் சொல். ஆங்கிலத்தில் அது தானாகக் காலத்தைக் காட்டாது. அதற்காகக் காலத்தைத் தாங்குவது 'பீ' என்னும் வினையே. வெறுமையைக் குறிக்கும் 'எம்ப்டி' என்ற சொல் 'இஸ் எம்ப்டி' என்னும்போதும், 'வாஸ் எம்ப்டி' என்னும்போதும், 'ஹாட் பீன் எம்ப்டி' என்னும்போதும் ஓரெழுத்தும் திரிவதில்லை. 'பீ' என்பதன் மூன்றாம் வடிவமான 'பீன்' அங்கே கட்டாயம் நிற்க வேண்டும் என்பதை மறந்து 'ஹாட் எம்ப்டி' என எழுதுவதும், 'வாஸ் பீன் எம்ப்டி' என இரண்டையும் கலப்பதும் பரீட்சைத் தாள்களில் வழக்கமாகக் காணப்படும் பிழைகள். ஆயினும் வடிவத்தை மனனஞ் செய்வது எளிது. அது எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று துணிவதே கடினம். அதனைத் துணிய இரண்டு திகதிகள் தேவை: நிலைக்குரியது ஒன்று, அதற்குப் பிந்திய இறந்தகால நிகழ்வுக்குரியது மற்றொன்று.

அவ்விரண்டு திகதிகளையும் தேடுவோர்க்கு வன்னியின் ஒரு கல் உதவும். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் கற்சிலைமடு என்னும் இடத்தில் நாட்டப்பட்ட அக்கல்லில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் பொறிக்கப்பட்டது. இவ்விடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் ட்றிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 1803 ஒக்டோபர் 31 என்பதே அதன் பொருள். பண்டாரவன்னியன் வன்னியின் தமிழ்த் தலைவன்; ட்றிபேர்க் பிரித்தானியப் படையின் தளபதி. வினை ஒன்று, திகதி ஒன்று, காலம் சாதாரண இறந்தகாலம். வென்றவர் தரப்பில் நின்று பேசும் கல்லுக்கு அதற்குமேல் சொல்லத் தேவை இருக்கவில்லை.

ஆனால் அந்த ஒக்டோபருக்குப் பின்னால் இன்னோர் இறந்தகாலம் நிற்கிறது. 1803 ஜூனில் கண்டியில் மேஜர் டேவியின் பிரித்தானியப் படை அழிந்து, தீவெங்கும் பிரித்தானிய ஆட்சி தளம்பியிருந்த வேளையில், ஓகஸ்ட் 25ஆம் திகதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கிக் கைப்பற்றினான். அங்கே ட்றிபேர்க்கின் பொறுப்பில் இருந்த காவற்படை படகேறி யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கியது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் படைகள் அனுப்பப்பட்டு, மன்னாரிலிருந்து வந்த ட்றிபேர்க் கற்சிலைமடுவில் வன்னியனை எதிர்பாராத வேளையில் தாக்கியது அதற்கு இரண்டு மாதங்களின் பின்னரே. ஒக்டோபரில் வென்ற அதே தளபதி ஓகஸ்டில் தோற்றவர் என்னும் செய்தி கல்லில் இல்லை. ஒக்டோபர் 31ஐத் தளமாகக் கொண்டு அதற்கு முந்திய நிலையைச் சொல்ல முற்பட்டால் மட்டுமே 'பண்டாரவன்னியன் ஹாட் பீன் விக்டோரியஸ்', அதாவது அதற்கு முன்னர் அவன் வெற்றியாளனாக இருந்தவன், என்ற தொடர் தேவைப்படும். அன்றைய தினமே அவன் இறந்தான் என்று பலரும் எழுதி வந்தபோதிலும் கல்லின் வினை தோல்வியை மட்டுமே கூறுகிறது. சாவு வாசிப்போர் சேர்த்துக்கொண்டது. ஒரு வினைவடிவம் கூறுவதையும் கூறாததையும் பிரித்தறியும் பழக்கம் இலக்கண வகுப்புக்கு மட்டும் உரியதன்று என்பதற்காகவே இக்கதை இங்கு இத்தனை இடம் பெற்றது.

பண்டாரவன்னியனைப் பற்றிய தொடரில் சொல்லப்படும் நிலை, இரண்டாம் திகதியோடு முடிந்துபோன நிலை. அவ்வாறன்றி இரண்டாம் திகதி வரை இடையறாது நீண்டு வந்த நிலையையும் இதே வடிவம் காட்டும். 1990இல் போரினால் வடக்குக்கான புகையிரத சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2013 செப்டெம்பர் 14ஆம் திகதி கிளிநொச்சி நிலையத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. இதனை ஆங்கிலத்தில் கூறுவோர், 'வென் த ட்ரெயின் கேம் பேக், த ஸ்டேஷன் ஹாட் பீன் சைலன்ட் ஃபோர் ட்வென்டி த்ரீ இயர்ஸ்' என்பர். இங்கே 'வாஸ் சைலன்ட்' என்றெழுதினால், புகையிரதம் வந்த அக்கணத்தில் நிலையம் அமைதியாக இருந்தது என்றாகிவிடும். அன்று கூடிய சனத்தை அறிந்தவர்க்கு அது நகைப்பை ஊட்டும். 'ஃபோர்' என்ற சொல்லோடு கால அளவு வந்து, அவ்வளவு ஓர் இறந்தகால நிகழ்வு வரை நீளுமாயின், அங்கே 'ஹாட் பீன்' வேண்டும் என்பது நம்பத்தக்க விதி.

தமிழ் மாணவர் இங்கே தடுமாறுவதற்குக் காரணம் அவர்களது கவனக்குறைவு அன்று. தமிழ் இலக்கணம் காலத்தை மூன்றாகவே வகுக்கிறது. இறந்ததற்கும் முன் இறந்ததற்கெனத் தனிக் காலம் வகுக்கவில்லை. மேலும் பண்பைக் கூறும் முற்றுக்குக் காலங்காட்டும் உறுப்பே தேவையில்லை என்பது தமிழின் பழைய அமைப்பு. 'அவன் பொன்னன்', 'அவன் நல்லன்' என வருவனவற்றைக் குறிப்பு வினைமுற்று என்பர். காலத்தை வெளிப்படக் காட்டாது குறிப்பால் உணர்த்தும் முற்று என்பது அதன் பொருள். 'பண்டு' என்ற சொல் முன்னே நின்றால் அவன் அன்று பொன்னன், 'இன்று' நின்றால் இன்று பொன்னன். இன்றைய வழக்கில் அவ்விடத்துக்கு 'இரு' என்னும் வினை வந்திருக்கிறது. வந்தும் சிக்கல் தீரவில்லை. 'கிணறு வறண்டிருந்தது' என்ற ஒரு தொடர், கிணறு அப்போது வறண்ட நிலையில் இருந்தது, அதற்கு முன்பே வறண்டுவிட்டது, அதுவரை வறட்சியாகவே இருந்துவந்தது என்னும் மூன்றுக்கும் இடங்கொடுக்கும். ஆங்கிலம் இவற்றுக்கு முறையே 'வாஸ் ட்ரை', 'ஹாட் ட்ரைட் அப்', 'ஹாட் பீன் ட்ரை' என மூன்று வடிவங்களைக் கேட்கிறது. தமிழர் இவ்வேறுபாட்டை உணராதவர் அல்லர். அதனை வினையில் ஏற்றாமல் 'ஏற்கெனவே', 'அதுவரை', 'அதுக்கு முதலே' போன்ற சொற்களில் ஏற்றுகின்றனர்.

இவ்விடத்தில் தமிழ் ஆங்கிலத்தை விஞ்சும் ஓரிடமும் உண்டு. அதனைச் சொல்லாமல் கடந்துபோக இயலாது. 2002இல் மீண்டும் திறக்கப்பட்ட, கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 பாதை 2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டபோது மூடப்பட்டது. அக்காலத்தைப் பற்றி வன்னியில் 'பாதை பூட்டினாப் பிறகு' என்றும், 'பாதை பூட்டிக் கிடந்த நேரம்' என்றும் இருவகையாகப் பேசுவர். முன்னது மூடிய செயலைக் குறிக்கிறது. பின்னது மூடிய நிலை நீண்டதைக் குறிக்கிறது. 'கிட' என்னும் துணைவினை, யாரும் கைவைக்காமல் ஒரு நிலை அப்படியே தொடர்வதைக் காட்டுவதால், கேட்பவருக்கு ஐயம் எழுவதில்லை. ஆங்கிலத்திலோ 'த ரோட் ஹாட் பீன் க்ளோஸ்ட்' என்ற தொடர் இரண்டுக்கும் பொது. 'க்ளோஸ்ட்' என்பது மூடப்பட்டது என்னும் செயப்பாட்டு வினையின் பகுதியாகவும் இருக்கலாம். மூடிய நிலையிலுள்ள என்னும் பெயரடையாகவும் இருக்கலாம். பக்கத்தில் வரும் சொற்களே அதனைத் தீர்க்கும்: யாரால், எந்த நாளில் என்பன வந்தால் செயல், எத்தனை மாதங்களாக என்பது வந்தால் நிலை.

அதற்கு எதிர்ச்சொல்லில் ஆங்கிலம் இரக்கங் காட்டுகிறது. திறந்த நிலைக்கு 'ஓப்பன்' என்ற தனிப் பெயரடையும், திறக்கப்பட்ட செயலுக்கு 'ஓப்பன்ட்' என்ற வினைவடிவமும் இருப்பதால், 2006இல் மூடப்படும்வரை பாதை நான்கு ஆண்டுகளாகத் திறந்திருந்தது என்பதற்கு 'ஹாட் பீன் ஓப்பன்' என்றே எழுத வேண்டும். 'ஹாட் பீன் ஓப்பன்ட் ஃபோர் ஃபோர் இயர்ஸ்' என்றெழுதுவது, 'க்ளோஸ்ட்' என்பதைப் பார்த்து அதன் இணையும் அவ்வாறே முடியும் என எண்ணுவதால் விளையும் பிழை. கடை திறந்திருந்தது என்பதை 'த ஷொப் வாஸ் ஓப்பன்ட்' என மொழிபெயர்ப்பதும் இதே வேரிலிருந்து முளைப்பது.

பிறர் கூற்றில் 'ஹாட் பீன்' வருமாறு, அதாவது 'எனக்குச் சுகமில்லை' என்று ஒருவர் சொன்னதை மற்றொருவர் எடுத்துரைக்கையில் 'வாஸ் சிக்' என்பதா 'ஹாட் பீன் சிக்' என்பதா என்ற வினா, இதனால் அடுத்த இதழுக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அதற்கிடையில் இத்தொடரை வாசிக்கும் மாணவர்கள், பெயரடையோடு 'ஹாட் பீன்' எழுதப்போகும் ஒவ்வொரு தடவையும் தாளின் ஓரத்தில் இரண்டு திகதிகளைக் குறித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது திகதி அகப்படாவிடின் 'வாஸ்' போதும். அகப்பட்டால் 'ஹாட் பீன்' என்பதை விடக்கூடாது.