பழத்தோல் கிரீமும் உங்கள் உரிமையும்

பழச்சாறுக் கடைகள் மூட்டை மூட்டையாகக் குப்பையில் கொட்டும் தோலில் மதிப்புள்ள சரக்கு இருப்பது உண்மை. ஆரஞ்சுத் தோலில் லிமோனீன், பெக்டின், ஹெஸ்பெரிடின். மாதுளைத் தோலில் எலாஜிக் அமிலம். குப்பை இப்படி அழகு கிரீமாகிக் காசாவதை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் ‘இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது’ என்று சொல்லி விற்பதை ஏற்க முடியாது.

எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுக்கும் எண்ணெயில் ஃபுரோகூமரின் என்னும் வேதிப்பொருள்கள் உண்டு. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால், ஓரிரு நாளில் சருமம் சூடுபட்டதுபோல் சிவந்து கொப்புளிக்கலாம். ஆறிய பின்னும் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். முழங்கையின் உட்புறம் தடவிப் பார்த்தோமே என்பார்கள். நிழலில் செய்யும் அந்தச் சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது. அதே தோலை நீராவியில் வடித்தால், எளிதில் ஆவியாகாத இப்பொருள்கள் எண்ணெயோடு வருவதில்லை. அதனால் எந்தப் பழம் என்று கேட்பதோடு நிற்காமல், எப்படி எடுத்தீர்கள் என்றும் விற்பவரிடம் கேளுங்கள்.

லிமோனீன் காற்றுப்பட்டுப் பழசாகும்போது ஒவ்வாமை தரும் பொருளாக மாறுகிறது. திறந்து வெகுநாளான ஆரஞ்சு எண்ணெய் வேண்டாம். மாங்காய்ப் பால் பட்டுப் புண்ணானவர்கள் மாம்பழத் தோல் கிரீமையும் தவிர்ப்பது நல்லது.

இந்தியாவில் அழகுசாதனப் பொருளை விற்பனைக்குத் தயாரிக்க, 2020ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். வீட்டில் செய்து இன்ஸ்டாகிராமில் விற்பவருக்கும் அதே சட்டம்தான். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் ஆகியவை லேபிளில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

எரிச்சல் வந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வெயிலில் போகாதீர்கள், தோல் மருத்துவரைப் பாருங்கள். மருந்துக்கடையில் நீங்களாகவே ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவ வேண்டாம். மீதமுள்ள கிரீம், பில், புகைப்படம், மருத்துவச் சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று உண்டு. மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டம் 1940இன் 26ஆவது பிரிவின்படி, வாங்கிய பொருளை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம். அவர் கையொப்பமிட்ட அறிக்கையும் கிடைக்கும். உரிமமில்லாத விற்பனை பற்றி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இழப்பீடு கேட்க, பாதிப்பு ஏற்பட்ட 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.